சாப்பாடு வருவதற்கு முன்பே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது

வேஃபர் ஃபேப்பில், அதாவது கம்ப்யூட்டர் சிப் செய்கிற ஆலையில், வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். தூசி புகாத கிளீன்ரூமுக்குள் இருக்கிற அந்த நான்கைந்து மணி நேரம் பாத்ரூம் போகவேண்டும் என்ற நினைப்பே வராது. வெளியே உடை மாற்றும் கவுனிங் ரூமுக்கு வந்து, தலைமூடியைக் கழற்றி, உடம்பு முழுக்க மூடும் பன்னி சூட்டின் ஜிப்பைப் பாதி இறக்கும்போதுதான் அதுவரை எங்கே ஒளிந்திருந்ததோ தெரியாத அவசரம் ஒரேயடியாக முட்டிக்கொண்டு வரும். பூட்ஸைக் கழற்றும்வரைகூடத் தாங்காது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் பயந்துபோய், "அக்கா, எனக்கு மட்டும்தான் இப்படியா, டாக்டரப் பாக்கணுமா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஜிப் இறங்கும் சத்தம், கொஞ்ச நேரத்தில் பாத்ரூம். தினமும் இந்த இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் மூளை அதைப் பாடம் பண்ணி வைத்துக்கொள்கிறது, சத்தம் கேட்டதுமே சிறுநீர்ப்பை தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. வீட்டுக் கதவில் சாவியை நுழைக்கும்போது அடக்க முடியவில்லை என்று சொல்பவர்களுக்கு நடப்பதும் இதுதான். அந்த நேரத்தில் ஓடாதீர்கள். அப்படியே நின்று, இடுப்புக்குக் கீழே இறுக்கிப் பிடித்து, மெதுவாக மூச்சு விடுங்கள், அவசரம் தானாகத் தணியும், அப்புறம் நடந்து போங்கள். கொஞ்ச நாளில் ஜிப் சத்தத்தின் பிடி தளரும். எரிச்சலோ வலியோ ரத்தமோ இருந்தால் அது வேறு விஷயம், உடனே டாக்டரிடம் காட்டிவிடவேண்டும்.

சிறுநீர்ப்பை மட்டும் இப்படி இல்லை. பசி, ரத்தத்துச் சர்க்கரை, கோப்பி, மது, மருந்து என்று நம் உடம்பு நிதானமாக வைத்துக்கொள்ளப் பார்க்கிற பல காரியங்களில் இந்த முன்கூட்டிய பாடம் இருக்கிறது. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஓர் ஆலையில் பல வருடமாக இரவு ஷிப்ட் பார்க்கிறேன். எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது. என் அக்கா புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தபோது கூடவே இருந்தேன். இந்த மூன்றும் சேர்ந்துதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க வைத்தன. ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கும், வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு இருப்பவர்களுக்கும் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

பள்ளியில் படித்தது ஞாபகம் இருக்கும். சர்க்கரை ஏறினால் இன்சுலின் சுரக்கும், சூடு ஏறினால் வியர்க்கும். உள்ளே ஏதாவது கூடினாலோ குறைந்தாலோ உடம்பு அதைச் சரிக்கட்டுகிறது. இதற்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று 1926இல் பெயர் வைத்தவர் அமெரிக்க உடலியலாளர் வால்ட்டர் கேனன். அது சரிதான், ஆனால் பாதிதான். கோளாறு வந்த பிறகுதான் சரிசெய்வது என்றால் உடம்பு எப்போதும் ஒரு படி பின்தங்கியே இருக்கும். பாவ்லோவ் என்றதும் எல்லோருக்கும் மணியும் நாயும்தான் நினைவுக்கு வரும், ஆனால் அவருக்கு 1904இல் நோபெல் பரிசு கிடைத்தது செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்கு. நாய் மென்று விழுங்கிய இறைச்சி வயிற்றுக்குப் போகாமல் கழுத்திலேயே வெளியே விழும்படி அறுவை செய்து பார்த்தார். ஒரு துண்டுகூட உள்ளே போகவில்லை, ஆனாலும் இரைப்பையில் செரிமான நீர் சுரந்தது. மூளையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு வழியாகத்தான் அந்தச் சேதி போகிறது. போகப்போக, சாப்பாட்டைக் கண்ணால் பார்த்தாலே, சாப்பாடு கொண்டுவருபவரின் காலடிச் சத்தம் கேட்டாலே நாய்களுக்கு எச்சில் ஊறத் தொடங்கியது.

நாம் சாப்பாட்டை உடம்புக்கு நல்லது செய்கிற விஷயமாக மட்டும் பார்க்கிறோம். ஸ்டீபன் வுட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1991இல் இதை வேறு பக்கத்திலிருந்து பார்த்தார். சாப்பாடு தேவைதான், ஆனால் ஒவ்வொரு வேளைச் சாப்பாடும் உள்ளே இருக்கும் நிதானத்தைக் கலைக்கவும் செய்கிறது, சர்க்கரையும் கொழுப்பும் ரத்தத்தில் வந்து கொட்டுகின்றன. சொல்லிவிட்டு வரும் விருந்தாளிக்கும் திடுதிப்பென்று வந்து நிற்கும் விருந்தாளிக்கும் எவ்வளவு வித்தியாசம்! முன்னதற்கு உலை வைத்திருப்போம், பாய் விரித்திருப்போம். நேரம், வாசனை, இடம், தட்டுச் சத்தம், இவையெல்லாம் உடம்புக்கு வருகிற அந்த முன்சேதி. உணவு வாயில் பட்ட சில நிமிடங்களிலேயே, ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்கு முன்பே, கணையம் கொஞ்சம் இன்சுலினை விட்டுவிடுகிறது. அளவு சிறியதுதான், ஆனால் அந்த முதல் தவணை இருந்தால் பிறகு வரும் ஏற்றம் மட்டுப்படும். இதே வுட்ஸும் கூட இருந்தவர்களும் 1977இல் எலிகளை வைத்துக் காட்டியது இன்னும் முக்கியம். தினமும் ஒரே நேரத்தில் சாப்பாடு கொடுத்துப் பழக்கினால், அந்த நேரம் வந்ததுமே, சாப்பாடு கண்ணில் படாமலே எலிகளுக்கு இன்சுலின் ஏறியது. ஒரு வாசனையோடு சாப்பாட்டைச் சேர்த்துப் பழக்கினாலும் அப்படியே.

இனி என் ஷிப்டுக்கு வருகிறேன்.

எங்களுக்கு இரவு 7 மணிக்குத் தொடங்கிக் காலை 7 மணிக்கு முடியும். பெரிய பிரேக் இரவு 1 மணி வாக்கில். அந்த நேரத்துக்குக் கேன்டீனில் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்) வாணலியில் புரளும் வாசனை மின்தூக்கிக் கதவு திறக்கும்போதே முகத்தில் அடிக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த நேரத்தில் சாப்பிடவே பிடிக்காது, வயிறு மந்தமாகக் கிடக்கும். ஆனால் கூட இருப்பவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு, கொஞ்ச நாளில் பன்னிரண்டரை ஆனாலே வயிறு கிள்ள ஆரம்பித்தது. லீவு நாளில் வீட்டில் சும்மா விழித்துக்கொண்டிருந்தாலும், எட்டு மணிக்கு நன்றாகவே சாப்பிட்டிருந்தாலும், அதே பன்னிரண்டரைக்கு அதே பசி.

இரைப்பையிலிருந்து வரும் கிரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானியர்கள் 1999இல் கண்டுபிடித்தார்கள். வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது அது ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். எனக்குக் கைகொடுத்த விஷயம் இதற்கு அடுத்தது. ஒரு முழுநாள் பட்டினி இருந்தவர்களின் ரத்தத்தைப் பார்த்தபோதும், வழக்கமான சாப்பாட்டு நேரங்களில் கிரெலின் ஏறி, ஒன்றுமே சாப்பிடாமலே தானாக இறங்கியிருக்கிறது. அதாவது அந்த 1 மணிப் பசி, சாப்பிடும்வரை ஏறிக்கொண்டே போகும் பசி இல்லை. அது ஒரு நேரத்துப் பசி, வந்துவிட்டுப் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டதே பாதித் தெம்பு.

இரவுச் சாப்பாட்டை மாற்றியே ஆகவேண்டும் என்று முடிவெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. உடம்பு எதையும் பழகிக்கொள்ளும் என்று எங்கள் லைனில் பலரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. பசியின் நேரத்தை மாற்றலாம். ஆனால் இரவில் சர்க்கரையைச் சமாளிக்கும் திறமை குறைவு என்பது உடம்பின் உள்கடிகாரத்தோடு சேர்ந்தது, எத்தனை வருடம் இரவு ஷிப்ட் பார்த்தாலும் பலருக்கு அந்தக் கடிகாரம் முழுசாகத் திரும்புவதில்லை. 2021இல் பாஸ்டனில் ஆட்களை ஆய்வுக்கூடத்தில் வைத்து இரவு வேலை மாதிரியே செய்து பார்த்தார்கள். இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை கட்டுப்பாடு கெட்டது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கெடவில்லை. அதனால் பெரிய சாப்பாட்டை மாலை ஐந்தே முக்காலுக்கு, ஈசூன் வீட்டில் கிளம்பும் முன் வைத்துக்கொண்டேன். 1 மணிக்கு ஒரு அவித்த முட்டை, வெள்ளரிக்காய், பால் இல்லாத தே (தேநீரை இங்கே அப்படித்தான் சொல்வோம்). அதையும் கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. இதைத்தான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்வேன், இடத்தை மாற்றுங்கள். அந்த வாசனையும் தட்டுச் சத்தமும் வழக்கமான மேசையும் இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு மனக்கட்டுப்பாட்டை நம்புவது, எதிர்க்காற்றில் குடை பிடிக்கிற பாடுதான். நான் வேறு மாடியில் இருக்கிற பேன்ட்ரிக்குப் போனேன். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது, அப்புறம் பசியின் முனை மழுங்கியது, இப்போது ஐந்தரை மணிக்கு வயிறு கேட்கிறது.

எங்கள் லைனில் ஒரு மலாய்க்கார அக்கா இருக்கிறார். நோன்பு மாதத்தில் முதல் சில நாள் பகல் ஷிப்டில் அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் தலை கிறுகிறுக்கும். அப்புறம் அது போய்விடும், பசி முழுக்க மாலைக்கு நகர்ந்துவிடும். மலாய் வானொலியான வார்னா 94.2இல் மாலை நேர மக்ரிப் பாங்கு ஒலிக்கத் தொடங்கியதும், பேரீச்சம்பழம் இன்னும் டப்பாவுக்குள்ளேயே இருக்கும்போதே வாயில் எச்சில் ஊறுகிறது என்பார். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கும் என் சின்னம்மா மகனும் இதையேதான் சொல்கிறான். முதல் நாட்கள்தான் பாடு, அப்புறம் உடம்பு புது நேரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று. விரதம் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. முடிக்கும் நேரத்தை நாளுக்கு ஒன்றாக மாற்றாமல் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் உடம்புக்குப் பிடிப்புக் கிடைக்கும்.

சர்க்கரை விஷயத்துக்கு வருகிறேன். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று டாக்டர் சொன்னார். சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிரான போர் என்று அறிவித்ததிலிருந்து இந்த ஊரில் இதைப் பற்றிக் கேட்காத நாள் இல்லை. பானங்களுக்கு ஏ முதல் டி வரை நியூட்ரி-கிரேட் அடையாளம் 2022 டிசம்பர் கடைசியில் டின்களுக்கும் பாட்டில்களுக்கும் வந்தது, ஒரு வருடம் கழித்து கடையில் கலக்கிக் கொடுக்கும் பானங்களுக்கும் வந்தது. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் டி. நான் தூங்கி எழும் மதியம் மூன்று மணிக்குக் கீழே காப்பிக்கடையில் கட்டிப்பால் போட்ட தே ஒன்று, என் நாள் தொடங்குவதே அதில்தான். டாக்டர் சொன்னதும் நேராகப் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்குக்குப் போனேன். அதே கோப்பை, அதே மேசை, அதே நேரம், ஆனால் சர்க்கரை இல்லை. குடித்த கொஞ்ச நேரத்தில் கை கால் ஓய்ந்த மாதிரி ஆகிவிடும், வாய் எதையாவது தேடும், பக்கத்துக் கடை கறிபப் கண்ணை விட்டு அகலாது. கோப்பையும் நேரமும் "சர்க்கரை வருகிறது" என்று சேதி சொல்லிவிட்டன, உடம்பும் தன் ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கும், வரவேண்டியது வரவில்லை. எல்லாவற்றையும் இன்சுலின் தலையில் கட்டமுடியாது, நாக்கின் ஏமாற்றமும் அதில் இருக்கிறது. ஆனால் இது மன உறுதி இல்லாததால் வருவதில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். எங்கள் பெண்கள் பலர் இந்த இடத்தில்தான் "என்னால முடியல, நான் ஒரு வீக்கான ஆளு" என்று விட்டுவிடுகிறார்கள், கேட்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

எனக்கு வழி விட்டது படிப்படியாக இறங்கியதுதான். முதலில் சியு டாய் (இனிப்புக் குறைவு), கொஞ்ச நாள் கழித்து தே சி சியு டாய் (கட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத டின் பால், கொஞ்சம் சர்க்கரை), அப்புறம் தே சி கோசோங் (அதே பால், சர்க்கரை இல்லை). ஒவ்வொரு படியிலும் நாக்கு அடங்கும்வரை இருந்துவிட்டு அடுத்த படிக்கு இறங்கினேன். கோசோங்குக்கு வந்தபோது இஞ்சி தட்டிப்போட்ட தே ஹாலியா கேட்டு வாங்கினேன், வாசனை வேறாக இருப்பதால் பழைய இனிப்புத் தேயோடு உடம்பு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். செயற்கை இனிப்பு போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். பர்டூ பல்கலைக்கழகத்தில் 2008இல் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த தயிர் கொடுத்துப் பார்த்தார்கள். உண்மையான சர்க்கரைத் தயிர் தின்ற எலிகளைவிட அவை அதிகம் தின்று அதிகம் எடை போட்டன. இனிப்பு என்றால் சக்தி வரும் என்ற பாடம் குலைந்துபோனதுதான் காரணம் என்பது அவர்கள் விளக்கம். மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் முடிவு ஒன்றுபோல வரவில்லை. அதனால் போடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், எனக்கு நாக்கின் இனிப்பு அளவையே இறக்குவதுதான் நிம்மதியாக இருந்தது.

கோப்பிக் கதையும் இதன் பக்கத்து வீடுதான். தினமும் குடிக்கும் காஃபீனுக்கு ஈடுகொடுக்க உடம்பு எதிர்ப்பக்கம் தன்னைச் சாய்த்து வைத்துக்கொள்கிறது. காஃபீன் மூளை ரத்தக் குழாய்களைச் சுருக்கும், அது வராத நாளில் குழாய்கள் விரிந்து தலைவலி பிடிக்கும். கடைசிக் கோப்பையிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போகும். லீவு நாளில் மட்டும் தலைவலி வருகிறது என்று சொல்கிற ஷிப்ட் ஆட்கள் முதலில் கோப்பி நேரத்தைப் பாருங்கள். சிட்னிப் பல்கலைக்கழகத்தில், கோப்பியை நிறுத்தியவர்களுக்குக் காஃபீன் நீக்கிய கோப்பி கொடுத்தார்கள். இதில் காஃபீன் இல்லை என்று சொல்லியே கொடுத்தபோதும் அவர்களுடைய அவஸ்தை குறைந்தது. சூடும் மணமும் கசப்புமே உடம்பை ஓரளவு தேற்றிவிடுகின்றன. குறைக்க நினைப்பவர்கள் கோப்பையையும் நேரத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மெலிதாக்குங்கள். கடையில் "கோப்பி ஓ போ" என்று கேட்டால் தண்ணியாகத் தருவார்கள்.

இப்போது சொல்லப்போவதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் இதில் உயிர் போயிருக்கிறது. கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெப்பர்ட் சீகல் 1982இல் வெளியிட்ட சோதனை இது. சில எலிகளுக்கு ஓர் அறையில் வைத்து ஹெராயின் கொடுத்துக் கொடுத்துப் பழக்கினார்கள். கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அளவு. முன்பின் ஹெராயினே கண்டிராத எலிகளில் சுமார் 96 சதவீதம் செத்தன. பழகியவற்றில், வழக்கமான அறையிலேயே ஊசி போடப்பட்டவை சுமார் 32 சதவீதம்தான் செத்தன. அதே அளவு பழகியிருந்தும், வேறு அறையில் வைத்துப் போடப்பட்டவை சுமார் 64 சதவீதம் செத்தன. பழக்கமான அறையைப் பார்த்ததும் உடம்பு போதைக்கு எதிரான வேலையை முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது, புது அறையில் அந்தத் தற்காப்பு எழவில்லை. வெகுநாள் தாங்கிய அதே அளவில் திடீரென்று செத்துப்போகிறார்களே என்ற கேள்விக்கு இது ஒரு பெரிய விடை.

நம் ஆட்களுக்கு இது மது வழியாக வரும். 1997இல் பிரிட்டனில், வழக்கமாகக் குடிப்பவர்களுக்கு ஒரே அளவு மதுவைப் பீராகவும், நீல நிறத்தில் புதினா மணம் போட்ட புதுப் பானமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள், புதுப் பானத்தில்தான் போதை கூடத் தெரிந்தது. எங்கள் புளோக்குக் கீழே காப்பிக்கடையில் வெள்ளிக்கிழமை இரண்டு பாட்டில் குடித்துவிட்டு நேராக நடந்து வீட்டுக்குப் போகிற அண்ணன் ஒருவர், ஜொகூரில் ஒரு கல்யாண விருந்தில் பேர் தெரியாத காக்டெயிலில் தள்ளாடி, படியில் விழுந்து நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு வந்தார். "நான் எப்பவும் குடிக்கிறதவிட கம்மிதான் குடிச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் நம்புகிறேன். இடம் புதிது, நேரம் புதிது, ருசி புதிது என்றால் பாதியோடு நிறுத்துங்கள், வண்டியைத் தொடவே தொடாதீர்கள். அதேபோல வீட்டில் யாருக்காவது மார்ஃபின் வகை வலிமருந்தோ தூக்க மருந்தோ கொடுத்திருந்தால், ஊருக்குப் போகும்போதும் இடம் மாறும்போதும் அளவைத் தாமாகக் கூட்டவே கூடாது, முதல் சில வேளை பக்கத்தில் யாராவது இருக்கவேண்டும்.

அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். முதல் கீமோவுக்குப் பிறகு, பெருவிரைவு ரயில் மருத்துவமனைக்கு முந்தைய நிலையத்தில் நின்றதுமே அக்காவுக்குக் குமட்ட ஆரம்பித்தது. ஊசி இன்னும் ஏறவில்லை, மருத்துவமனைக் கட்டடம்கூடக் கண்ணில் படவில்லை. கையில் பிளாஸ்டிக் பை வைத்துக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று கூச்சப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். "மனச தைரியமா வச்சுக்கம்மா" என்று உறவுக்காரர்கள் சொன்னபோதெல்லாம் எனக்குப் பொறுக்கவில்லை, ஏனென்றால் இதில் தைரியத்துக்கு வேலையே இல்லை. நஞ்சு வரப்போகிறது, வெளியே தள்ளத் தயாராகு என்று உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது. தாதி ஒருவரிடம் சொன்னதும், முன்கூட்டியே வரும் குமட்டலுக்கும் மருந்து இருக்கிறது என்று டாக்டரிடம் பேசி வாங்கித் தந்தார். வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே அதைப் போட்டுக்கொண்டால்தான் பலன். வெளியே தெரிகிற அடையாளங்களையும் மாற்றிப் பார்த்தோம், ரயிலுக்குப் பதில் பேருந்து, வேறு நுழைவாயில், காதில் தமிழ் வானொலி ஒலி 96.8. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உதவின.

சாப்பாட்டில்தான் பெரிய உதவி கிடைத்தது. சியாட்டிலில் ஐலீன் பெர்ன்ஸ்டீன் 1978இல், கீமோவுக்கு முன் குழந்தைகளுக்கு விநோதமான சுவையில் ஐஸ்கிரீம் கொடுத்தார், பிறகு அந்த ஐஸ்கிரீமையே அவர்கள் வெறுத்தார்கள். குமட்டலின் பழியை உடம்பு கடைசியாகத் தின்றதன்மேல், அதுவும் புதிதாக இருப்பதன்மேல் போடுகிறது. அதையே 1987இல் நல்லதுக்குத் திருப்பினார்கள். சாப்பாட்டுக்கும் கீமோவுக்கும் நடுவில் சுவை தூக்கலான ஒரு மிட்டாயைக் கொடுத்தார்கள். பழி மிட்டாய்மேல் விழுந்து வீட்டுச் சாப்பாடு தப்பித்தது. இதைப் படித்துவிட்டு தாதியிடம் கேட்டுக்கொண்டு (வாய்ப்புண் இருந்தால் புளிப்பு ஆகாது) ஹா ஃபிளேக்ஸ் வாங்கினேன். சின்ன வயதில் மாமாக்கடையில் வாங்கித் தின்போமே, இளஞ்சிவப்புக் காகிதம் சுற்றிய மெல்லிய வில்லைகள், அவைதான். அக்கா அதைத் தின்று பல வருடம் ஆகியிருந்தது, போனால் போகட்டும் என்று விடக்கூடிய பண்டம். ஒவ்வொரு முறையும் ஊசிக்கு முன் நான்கைந்து வில்லை. இன்றைக்கு அந்தக் காகிதச் சுற்றைக் கடையில் பார்த்தாலே அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் ரசம் சாதமும் அவித்த முட்டையும் அவர் கீமோ முடியும்வரை சாப்பிட்டார், எடை பெரிதாக இறங்கவில்லை. மிட்டாய் மட்டுமே காரணம் என்று சத்தியம் பண்ணமாட்டேன், ஆனால் கீமோ எடுக்கிற எவர் வீட்டுக்கும் இதைச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். பிடித்த சாப்பாட்டைக் கீமோ நாளன்று சமைத்துக் கொண்டுபோகாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். ஆசையாகச் செய்துகொண்டு போவோம், அதுவே வெறுத்துப்போகும்.

இன்னொன்று, இப்படிப் படிந்த பாடம் அழிவதில்லை. சாப்பாடு வராமல் சத்தத்தை மட்டும் கேட்கவைத்தால் நாயின் எச்சில் நின்றுபோகும், ஆனால் கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி கேட்கவைத்தால் திரும்ப ஊறும், இதைப் பாவ்லோவே பார்த்திருக்கிறார். பழையது உள்ளேயே இருக்கிறது, அதன்மேல் "இங்கே, இப்போது, வராது" என்று ஒரு புதுப் பாடம் படிகிறது, அந்தப் புதுப் பாடம் இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பூட்டன் நிறையச் சோதனைகளில் காட்டியிருக்கிறார். நான் தஞ்சாவூர்ப் பக்கம் நீண்ட லீவில் போய்விட்டு வந்து ஷிப்டில் ஏறியதும், பன்னிரண்டரைப் பசி புத்தம்புதிதாக வந்து நின்றது. எதிர்பார்த்திருந்ததால் பையில் முட்டை இருந்தது. இரண்டாவது முறை அடங்குவதற்கு முதல் முறை அளவு நாள் ஆகாது. அதனால் லீவு முடிந்து வருகிற வாரம், ஷிப்ட் மாறுகிற வாரம், வீடு மாறுகிற மாதம், இவற்றில் பழைய ஆசை தலைதூக்கினால் எல்லாம் போச்சு என்று கைவிட்டுவிடாதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே சாப்பாட்டு நேரத்தை மாற்ற நினைக்கிற நீரிழிவுக்காரர்கள் கொஞ்சம் நில்லுங்கள். இன்சுலின் ஊசியோ கிளிபிசைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மருந்தின் நேரமும் சாப்பாட்டின் நேரமும் பிணைந்தவை. சாப்பாட்டை நகர்த்திவிட்டு மருந்தை அப்படியே வைத்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். வியர்வை, நடுக்கம், படபடப்பு என்றால் 15 கிராம் சர்க்கரை, அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். என் மாமா பாதுகாவலர் வேலையில் பகலும் இரவும் மாறி மாறிப் பார்க்கிறவர், ஊசி போட்டுக்கொள்பவர். பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது அந்த மாதத்து ஷிப்ட் அட்டவணையை ஃபோனில் படம் எடுத்துக் கொண்டுபோகச் சொன்னேன். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, பகல் வாரத்துக்கு ஒன்று, இரவு வாரத்துக்கு ஒன்று என்று ஊசி நேரங்களைத் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார், லீவு நாளில் எதைப் பின்பற்றவேண்டும் என்பதையும் சேர்த்து.